ரிவர்ஸ் எடுக்காத டாங்கி

"வா… வா… வந்து தொலையேன்!"

லிங்கராஜ் போனின் கண்ணாடியைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தான். திரையில் அவனுடைய டாங்கி பின்னால் நகர்ந்தது. நத்தை மாதிரி என்று சொன்னால் நத்தை கோபித்துக்கொள்ளும். மணிக்கு நான்கு கிலோமீட்டர். ஒதுங்குவதற்கு ஒரு பாறை இருந்தது. பாறைக்கும் டாங்கிக்கும் நடுவே பத்தடி. அந்தப் பத்தடியைக் கடப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு குண்டு வந்தது. டாங்கியின் தலை மட்டும் தனியே கழன்று ஆகாயத்துக்குப் போய், கொஞ்சம் பொறுத்துக் கீழே விழுந்தது.

"தல போயிட்டுவே," என்றான் கேபினில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக டிரைவர் தாணுலிங்கம்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"ரிவர்ஸ்ல போயிருக்கலாம்லா?"

லிங்கராஜ் போனை மடியில் கவிழ்த்தான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பான்.

துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. அவனுக்கு முன்னால் நாற்பது வண்டி. இரண்டு பக்கமும் உப்பளம், நடுவே தார்ச்சாலை, மேலே பதினோரு மணி வெயில். வரிசை நகர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில்தான் பிராங்க்ளின் முதலாளியின் டிரைவர்கள் போனில் டாங்கிச் சண்டை போடுவார்கள்.

தூத்துக்குடியில் நாற்பதடிக் கன்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு லிங்கராஜ் மாதிரி ரிவர்ஸ் எடுக்க ஆள் கிடையாது. ஆறுமுகநேரியில் ஓர் ஆலைச் சந்துக்குள், இரண்டு பக்கமும் சாண் அளவு இடம் விட்டு, ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் விட்டவன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். அப்பேர்ப்பட்டவன் கையில் ரிவர்ஸ் போகாத ஒரு டாங்கி.

வேண்டுமென்றே வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். எல்லாம் அந்த நாற்பத்து நாலு பதினேழால் வந்த வினை.

லாரிக்காரர்களுக்குள் பெயர் என்பது ரேஷன் கார்டில் இருப்பது. சாலையில் வண்டி நம்பர்தான் ஆள். "எண்பத்தொண்ணு இருபது சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் அது லிங்கராஜைக் கேட்பது. "அறுபத்தஞ்சு நாப்பது பொண்டாட்டிகூடச் சண்டை" என்றால் அது தாணுலிங்கத்தின் வீட்டு விஷயம். விளையாட்டிலும் எல்லோரும் அவரவர் வண்டி நம்பரையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் அவர்கள் அணிக்குள் 4417 என்று ஒரு புது நம்பர் வந்து நின்றது. வரும்போதே டி-90 டாங்கியோடு வந்தது.

4417 அவர்கள் யார்டிலேயே மிகப் பழைய வண்டி. முதலாளி ஆரம்ப காலத்தில் தானே ஓட்டியது. விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் அந்த வண்டியைத்தான் கொடுப்பார். இப்போது அதை ஓட்டுபவன் மெல்வின். வேம்பார்க்காரன், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடி. யாரோடும் அதிகம் பேச மாட்டான். டீக்கடையில் எல்லோரும் போனை எடுத்துப் பெஞ்சில் பரப்பினாலும் அவன் எடுக்க மாட்டான்.

"கமுக்கம்," என்று லிங்கராஜ் முடிவு செய்தான்.

"என்ன டேங்க்குவே அது!" என்று தாணுலிங்கம் தினமும் வியந்தான். "முன்னால எத்தனை குண்டு போட்டாலும் கடுகு தெறிச்ச மாதிரி தெறிக்கு. ஆளு குட்டை, புதருக்குள்ள நின்னா தெரியவே மாட்டேங்கு. பீரங்கிக் குழாய்லயே ஏவுகணை விடுதுவே. குண்டு நிரப்பக்கூட ஆள் வேண்டாம், அதுவே நிரப்பிக்கிடுது!"

"உம்ம வண்டிய மொதல்ல பாரும்."

"ஏன்வே, உமக்கு வயிறு எரியுதா?"

"எனக்கு எதுக்கு எரியணும்?"

எரிந்தது. காரணமும் இருந்தது. முதலாளி ஒரு புது லாரி வாங்குகிறார். ஏசி கேபின். பதினாலு வருஷமாக எஞ்சின் சூட்டில் லிங்கராஜின் இடது கால் வெந்துகொண்டிருக்கிறது. புது வண்டி அவனுக்குத்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் மனைவி அருணாசலவடிவுக்கும் இல்லை. தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லி முடித்து, கண்ணாடியில் தொங்கவிட உல்லன் நூலில் ஒரு கிளியும் பின்னிவிட்டாள்.

ஆனால் முதலாளி, "யாருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டார். கூடவே ஒன்று சொன்னார். "அந்த மெல்வின் பய நல்ல அமைதியா இருக்கான்."

அன்று முதல் லிங்கராஜுக்கு டீ கசந்தது.

அடுத்த நாள் டீக்கடையில் மெல்வினைப் பிடித்தான்.

"ஏலே, நேத்து ஒரே ஆளா நாலு பேரைத் தூக்கிட்டியாமே?"

மெல்வின் டம்ளரை இறக்கினான். "என்னது அண்ணாச்சி?"

"டேங்க்ல."

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் அண்ணாச்சி." வெட்கத்தோடு சிரித்தான்.

லிங்கராஜ் பற்களைக் கடித்தான். ஜெயித்தவன் பீற்றிக்கொண்டால்கூடப் பொறுக்கலாம். தெரியாது என்று சொல்லிச் சிரிக்கிறானே, இவன் எவ்வளவு பெரிய ஆள்!

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் ராப்பகலாக விளையாடி, அவனும் ஒரு டி-90 சம்பாதித்தான். முதல் நாளே தெரிந்துவிட்டது. முன்னால் போனால் குதிரை, பின்னால் வந்தால் கோயில் தேர். புகழ்ந்த யாருமே இதைச் சொல்லவில்லை.

டாங்கியின் தலை ஆகாயத்துக்குப் போன அன்று மத்தியானம் லிங்கராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது. யார்டில் எந்த டிரைவரும் வண்டியின் மூக்கை வாசலைப் பார்த்துத்தான் நிறுத்துவான். அவசரத்துக்கு அப்படியே கிளம்பலாம். அதையே டாங்கிக்கும் செய்தால் என்ன?

மறுநாள், கேட் வரிசையில் நின்றபடியே, சண்டைக்கு அவன் டாங்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு போனான். பின்பக்கம் எதிரிக்கு, மூக்கு வீட்டுக்கு. பீரங்கியை மட்டும் பின்னால் சுழற்றி வைத்துக்கொண்டான். சுட்டுவிட்டு ஓட வேண்டியதானால் முன் கியரில் பறந்துவிடலாம்.

"எண்பத்தொண்ணு இருபது எதுக்குவே முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கீரு?" தாணுலிங்கம் மைக்கில் கேட்டான்.

"பேசாம வேடிக்கை பாரும்."

இடம் சேர்வதற்கே பாதிச் சண்டை முடிந்துவிட்டது. மணிக்கு நாலு கிலோமீட்டர் அல்லவா. சேர்ந்ததும் முதல் குண்டு வந்தது. முன்பக்கம் கோட்டைச் சுவர் மாதிரி இருந்த டாங்கிக்குப் பின்பக்கம் அப்பளம். அவன் ஒரு தடவைகூடச் சுடவில்லை.

4417 அதே சண்டையில் ஆறு பேரைச் சாய்த்தது. முடிந்ததும் அணிக்குள் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பியது. அது மைக்கில் பேசுவதே இல்லை. பொம்மை மட்டும்தான் அனுப்பும்.

"சிரிக்கான் பாரும்! பேச வாய் இல்ல, சிரிக்கப் பல்லு மட்டும் இருக்கு!"

லிங்கராஜ் கத்தியது அந்த வரிசையில் யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் அவனுக்குப் பின்னால் முப்பது லாரிகள் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தான். முன்னால் சாலை காலி. முன்னால் நின்ற வண்டி எல்லாம் உள்ளே போயாகிவிட்டது. அவசரமாகக் கிளம்பிக் கேட்டுக்குப் போனான். அந்தக் கப்பலுக்கான நேரம் முடிந்து கேட் அடைத்துவிட்டார்கள். அவன் பெட்டி ஏற வேண்டிய கப்பல், அவன் பெட்டி இல்லாமலே போனது.

முதலாளி மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"ஏ லிங்கராஜ், பதினாலு வருசத்துல ஒரு பெட்டி நீ விட்டதில்லையே. என்ன நடந்துச்சு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் லிங்கராஜின் வயிற்றில் இருந்தது வேறு.

"முதலாளி, நான் ஒரு விசயம் சொல்லணும். மெல்வின் வண்டி ஓட்டும்போது போன்ல கேம் ஆடுதான்."

முதலாளி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது. ரொம்ப நேரம் இருமினார்.

"யாரு?"

"மெல்வின். டேங்க் சண்டை. முந்தாநாள் பதினொண்ணரைக்கு அவன் வண்டி பெட்டியை இறக்கிட்டு கேட்டுலருந்து வெளிய வந்து என்னைத் தாண்டிப் போகுது. அதே நேரம் என் போன்ல நாப்பத்தி நாலு பதினேழு குண்டு போடுதான். ஒரு கையில ஸ்டியரிங்கு, ஒரு கையில பீரங்கி! நம்ம கம்பெனி பேரு என்ன ஆகும் முதலாளி?"

முதலாளி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "மெல்வின் அப்படிப்பட்ட பய இல்ல."

"கண்ணால பாத்தேன்."

"சரி, அதை நான் பாத்துக்கிடுதேன். அதுசரி, பதினொண்ணரைக்கு உன் போன்ல நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"டிரிப்புக்கு நேரமாச்சு முதலாளி," என்று லிங்கராஜ் கதவைப் பார்த்து நடந்தான்.

வெளியே வந்தபோது, டிரிப் ஷீட் கொடுக்கும் ஜாஸ்லின் அவனையே பார்த்தாள். நாசரேத்துப் பெண். அலுவலகத்தில் நடக்கும் எல்லாம் தெரியும், எதையும் சொல்ல மாட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஷீட்டுல கையெழுத்து பன்னெண்டு மணிக்கு மேலதான் கிடைக்கும். முதலாளி இனிமே போன்ல இருப்பாரு."

"மெதுவா வரட்டும் தாயி," என்றான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி அவனுக்கு.

மறுநாளிலிருந்து இரண்டு நாள் 4417 விளையாட்டுக்கு வரவில்லை. லிங்கராஜ் இரண்டு டீ சேர்த்துக் குடித்தான். மூன்றாம் நாள் 4417 திரும்ப வந்தது. வந்த வேகத்தில் எட்டுப் பேரைச் சாய்த்தது. அன்றைக்கு மத்தியானம் யார்டில் எல்லோர் முன்னாலும், "மெல்வினைப் பாத்துக் கத்துக்கிடுங்கலே, ரோட்டுல போகும்போது கவனம் ரோட்டுலயே இருக்கு," என்றார் முதலாளி. மெல்வின் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான்.

"என்ன மருந்து வச்சான்னு தெரியலையே," என்று லிங்கராஜ் முனகினான்.

"புகார் சொன்னீராக்கும்?" என்றான் தாணுலிங்கம்.

"நல்லதுக்குச் சொன்னேன்."

"யாரு நல்லதுக்கு?"

சாயங்காலம் அருணாசலவடிவு போனில் கேட்டாள். "வண்டி எப்ப வருது? கிளியைப் பாத்துட்டு எதுத்த வீட்டு அக்கா கேக்காவ."

"திங்கக்கிழமை."

"நமக்குத்தான?"

"வேற யாருக்கு?" என்றான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்றே நாள்தான் மிச்சம்.

லிங்கராஜ் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். இணையத்தில் டி-90-ஐப் பிரித்து மேய்ந்த வீடியோக்களை எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அவன் இவ்வளவு எழுதியதில்லை. ரிவர்ஸ் வராது. மேட்டின் மேல் ஏறி நின்றால் பீரங்கி கீழே குனியாது. குண்டுகள் எல்லாம் தலைக்குக் கீழே வட்டமாக அடுக்கியிருக்கும், பக்கவாட்டில் ஒன்று வைத்தால் மொத்தமும் வெடிக்கும். நேர் முன்னால் அடிக்க வேண்டுமானால் ஒரே ஓர் இடம்தான் மெல்லிசு. டிரைவர் உட்காரும் இடம்.

அந்த வரியைப் படித்தபோது மட்டும் அவனுக்கு வருத்தமாக இருந்தது. எங்கே போனாலும் டிரைவருக்குத்தான் அடி.

வெள்ளிக்கிழமை அணிக்குள் எழுதினான்: "4417, தனியா வாரியா? நாளைக்கு 11.30. ஒத்தைக்கு ஒத்தை."

உடனே கட்டைவிரல் பொம்மை வந்தது.

சனிக்கிழமை வரிசையில் மெல்வின் வண்டி முன்கூட்டியே உள்ளே போய்விட்டது. "கிரேனுக்கு அடியில நின்னுக்கிட்டு ஆடப் போறான், திமிரப் பாரும்," என்றான் லிங்கராஜ். தாணுலிங்கம் அவன் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். இன்னும் நாலு டிரைவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

லிங்கராஜ் டி-90-ஐ எடுக்கவில்லை. ஓட்டை உடைசலாக, ஆனால் ரிவர்ஸ் போகிற ஒரு பழைய டாங்கியை எடுத்தான்.

ஒரு மணல் மேடு. அதன் அடிவாரத்தில் நின்று தலையைக் காட்டினான். 4417 பார்த்தது, மேலே ஏறி வந்தது. உச்சியில் நின்று பீரங்கியைக் குனிய வைக்கப் பார்த்தது. குனியவில்லை. குண்டு லிங்கராஜின் தலைக்கு மேலே போய் எங்கோ விழுந்தது.

"குனியாதுலே! குனியாது!" லிங்கராஜ் சீட்டிலேயே குதித்தான்.

4417 பின்வாங்கப் பார்த்தது. மணிக்கு நாலு கிலோமீட்டர்.

அப்போதுதான் லிங்கராஜ் தன் கலையைக் காட்டினான். வளைந்து வளைந்து, முழுக்க ரிவர்ஸிலேயே மேட்டைச் சுற்றி வந்து, 4417-இன் விலாவுக்கு நேராக நின்றான். ஒரே குண்டு. தலை ஆகாயத்துக்குப் போனது.

ஜன்னலில் தொங்கியவர்கள் விசிலடித்தார்கள். மூன்று மாதத்து எரிச்சல் தொண்டைக்கு ஏற, லிங்கராஜ் மைக்கைத் தட்டித் திறந்தான்.

"ஏலே நாப்பத்தி நாலு பதினேழு! நல்லாக் கேட்டுக்க. அது நல்ல வண்டி. குறை வண்டியில இல்ல, டிரைவர்ல! ஓட்டத் தெரியாதவன் கையில கப்பலைக் குடுத்தாலும் தரை தட்டித்தான் நிக்கும்."

"போதும்வே," என்றான் தாணுலிங்கம்.

"இரும். ஏலே, உன்னை நம்பி ஒரு வண்டியைக் குடுத்து வச்சிருக்காரு பாரு நம்ம முதலாளி, அவரைச் சொல்லணும்! ஆளைப் பாத்து எடை போடத் தெரியாத மனுசன். நான் இல்லேன்னா அந்த யார்டுல இன்னைக்குப் புல்லுதாம்லே முளைச்சிருக்கும். அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமான்னு கேட்டுப் பாரு. அந்தக் காலத்துல மூணு செவுத்தை இடிச்ச ஆளு! அவரும் ஒரு டிரைவரு, நீயும் ஒரு டிரைவரு!"

4417 ஒரு பொம்மையும் அனுப்பவில்லை. அறையை விட்டு வெளியேறியது.

"ஓடிட்டான்," என்றான் லிங்கராஜ். பதினாலு வருஷத்தில் முதல் முறையாக இடது கால் சூடு தெரியவில்லை.

திங்கட்கிழமை யார்டில் புது லாரி மாலையோடு நின்றது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். லிங்கராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் ஆளாக நின்றான். உல்லன் கிளி பாக்கெட்டுக்குள் இருந்தது.

முதலாளி சாவியை எடுத்தார். அவனைத் தாண்டிப் போனார். "மெல்வின், இந்தா."

மெல்வின் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான். கண் கலங்கியிருந்தது.

முதலாளி திரும்பி வந்தார். லிங்கராஜின் உள்ளங்கையில் இன்னொரு சாவியை வைத்தார். துருப்பிடித்த, வளையம்கூட இல்லாத சாவி.

"நீ இனிமே நாப்பத்தி நாலு பதினேழை ஓட்டு."

"முதலாளி… அது புதுசாச் சேருறவங்களுக்குக் குடுக்கிற வண்டில்லா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

லிங்கராஜ் சாவியோடு ஜாஸ்லினின் மேசை முன் போய் நின்றான்.

"தாயி, நீயே நியாயம் சொல்லு. ரோட்டுல பதினாலு வருசம் நான். கேம்லகூட அந்த மெல்வின் பயலை ஒத்தைக்கு ஒத்தை நின்னு அடிச்சவன் நான். அவன் டேங்க்கை நான் வெடிக்க வச்சதை அஞ்சு டிரைவர் பாத்தானுவ. அவனுக்குப் போயி புது வண்டியா?"

ஜாஸ்லின் டிரிப் ஷீட்டில் பழைய நம்பரை அடித்து 4417 என்று எழுதினாள். சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மெல்வின் அண்ணன் வச்சிருக்கது பட்டன் போனு அண்ணாச்சி. சனிக்கிழமை நீங்க வெடிக்க வச்சது முதலாளியோட டேங்க்."